தீராத கடன்

2002இல் ஏ9 பாதை திறந்தபின், கலாசாலை மாணவனாக யாழ்ப்பாணம் போனபோது பஸ்ஸில் ஒரு பெரியவர் அருகிலிருந்தார். 1990 ஒக்டோபர் 30இல், இரண்டு மணித்தியால அவகாசத்தில் அங்கிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் ஒருவர். புத்தளத்து அகதி வாழ்வு பன்னிரண்டு வருடம்.

“வீடு பாக்கவா போறீங்க?”

“தமிழ்க் கடைக்காரர் ஒருத்தருக்கு அரிசி வாங்கின கடன் கிடக்கு, தம்பி. குடுக்கப் போறன்.”

“எல்லாத்தையும் இழந்த உங்களிட்ட அதை ஆர் கேக்கப்போறாங்க?”

“எங்களை அனுப்பினது துவக்கு. கடன் தந்தது அந்த மனிசன்.”

இன்று நெளுக்குளத்தில் அமானிதம் பற்றிப் பாடம் நடத்தும்போதெல்லாம் அவர் நினைவுக்கு வருகிறார். நமக்கு இழைக்கப்பட்ட அநியாயம் நம் பொறுப்பை நீக்கிவிடாது என்பதை அவரிடம்தான் கற்றேன். அவர் தன் கடனைத் தீர்க்கப் போனார். அவருக்குத் தரவேண்டிய நியாயம்தான் இன்னும் நிலுவையில் இருக்கிறது.