எட்ட நிற்கும் ஸ்வாதி

ஆனி ஸ்வாதி பெரியாழ்வார் அவதரித்த திருநக்ஷத்திரம். நரஸிம்ஹ ஜயந்திக்கும் ஸ்வாதியே உரியது. ஆனித் தொடக்கத்தில் இரவு எட்டரை மணியளவில் அண்ணாந்து நோக்கும் அன்பர்கள், உச்சிக்குச் சற்று வடக்கே செம்மஞ்சளாய் ஒளிரும் அவ்விண்மீனை வெறுங்கண்ணாலேயே காணலாம். ஸப்தரிஷி மண்டலத்தின் வால் வளையும் வழியே பார்வையைச் செலுத்தினால் அதனிடமே கொண்டுவிடும். மேனாட்டார் ஆர்க்டியூரஸ் என்பர். விட்டத்தில் சூரியனைப்போல் ஏறக்குறைய 25 மடங்கு. வெப்பத்தில் சூரியனினும் குறைவு, அதனாலேயே அந்நிறம். அதன் ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழ 37 ஆண்டுகள் ஆகின்றன.

சந்திரன் ஒரு நக்ஷத்திரத்தோடு கூடும் நாளை அந்நக்ஷத்திரத்தின் நாள் என்கிறோம். சித்திரையையும் விசாகத்தையும் அவன் நெருங்கிச் செல்வதுண்டு. சித்திரையைச் சில காலங்களில் மறைத்தும் விடுகிறான். இடைப்பட்ட ஸ்வாதியோ சூரியன் செல்லும் பாதையினின்று 30 பாகை வடக்கே விலகி நிற்கிறது. சந்திரன் அப்பாதையை விட்டு 5 பாகையளவே விலகுபவன். இருவரும் அருகே நிற்பதேயில்லை. ஆயினும் அந்நாள் ஸ்வாதியின் நாளே.

அணுகாமலே உரிமை உண்டாகுமோ? சென்ற ஆனி ஸ்வாதியன்று ஓர் அம்மையார், "இவ்வளவு தூரம் வந்தும் நெரிசலில் ஸேவை கிடைக்கவில்லையே, ஸ்வாமி! வந்தது வீண்தானா?" என்று கண்கலங்கினார்.

கையெட்டும் தூரத்தில் நித்தமும் நின்று கைங்கர்யம் செய்யும் அடியேனுக்கு இதற்கு விடை கூறுதல் எளிதன்று. திருவாராதனத்தின் நடுவே மனம் எண்ணெய்க் கணக்கில் சென்ற நாட்கள் உண்டு. அந்நேரத்தில் எம்பெருமானுக்கு அருகே இருந்தவர் யார்? அடியேன் என்று சொல்ல நா எழவில்லை.

அதற்காக, எட்ட நிற்பதையே பெருமையாகப் பேசி, வந்தவரை மேலும் எட்டத் தள்ளுவதும் தகாது. திருக்குறுங்குடியில் நம்பாடுவான் வெளியே நின்றே பாடினார். அவரை அங்கே நிறுத்தியது மனிதர் செய்த பிழை, எம்பெருமான் திருவுள்ளமன்று. அவருக்காகக் கொடிமரமே விலகிற்று என்பர் பெரியோர். ஸந்நிதியில் நிற்கும் எங்களைப் போன்றோர் அக்கொடிமரத்தை அடிக்கடி நினைக்கவேண்டும்.

"வீண் அன்று, அம்மா. இருந்து புறப்பாட்டையும் ஸேவித்துச் செல்லுங்கள், பெருமாள் தாமே வீதிக்கு எழுந்தருளுவார்" என்றேன்.

அன்று வாகனத்தருகே வேறொருவர் முறை. வடக்கு வீதித் திருப்பத்தில் பெருமாள் நின்றருளியபோது அந்த அம்மையார் திருக்குடையின் நிழலில் கைகூப்பி நின்றிருந்தார். அடியேன் கூட்டத்தின் பின்னே, தலைகளுக்கு இடையே தீபாராதனையின் ஒளியை மட்டும் கண்டேன்.