பாறை காட்டியது, பாடம் மறுத்தது

கற்றவர் சொல்லை எதுவரை ஏற்பது, தோழர்களே?

இங்கிலாந்தில், லெஸ்டர் நகருக்கு அருகே சார்ன்வுட் காடு. 1956-இல் அங்கொரு பாறையில், பெரணி இலையை ஒத்த அச்சினைக் கண்டாள் டினா நெகஸ், 15 வயது மாணவி. புவியியல் ஆசிரியரிடம் உரைத்தாள். கேம்பிரியன் காலத்துக்கும் முந்திய பாறையன்றோ அது, அதில் உயிர்ச்சுவடு ஏது என்று மறுத்துவிட்டார் அவர்!

மூடர் என்று அவரை ஏசிவிடலாம். அது எளிது, நேர்மையன்று. அந்நாளைய அறிவு அதுதான். அத்தொல்பாறைகள் வெறுமையாய் இருப்பது தம் கொள்கைக்கே இடர் என்று 1859-இல் எழுதியவர் டார்வின்!

மறு ஆண்டு, பாறையேறச் சென்ற ரோஜர் மேசன் எனும் மாணவன் அதே அச்சினைக் கண்டான். தாளை வைத்துத் தேய்த்துப் படியெடுத்தான். தந்தை அதனை நிலவியலார் டிரெவர் ஃபோர்டிடம் காட்டினார். ஐயுற்றார் ஃபோர்டு, ஆயினும் நேரில் சென்று பார்த்தார். 1958-இல் அறிவித்தார்: சார்னியா மேசனி! ஏறத்தாழ 56 கோடி ஆண்டு மூத்த உயிர். பாசி என்றார் அவர். பின்வந்த ஆய்வாளர் அதையும் மறுத்து, விலங்கினம் என்கின்றனர்.

வேதத்தை வினவும் நாம், பாடநூலை வேதமாக்கலாமா? விஞ்ஞானம் தன்னைத் திருத்திக்கொள்ளும், வேதம் திருந்தாது என்கிறோம். உண்மை! ஆனால், வகுப்பறையில் நின்ற அச்சிறுமியின் செவியில் இரண்டும் ஒரே குரலாகத்தானே ஒலித்திருக்கும்?

உயிரின் பெயரில் மேசன் இருக்கிறார், டினா இல்லை. தமக்கு முன்பே கண்டவர் அவர் என்பதைப் பின்னாளில் மேசனே ஒப்புக்கொண்டார்.