ஜூரியும் மாண்டவரின் உரிமையும்

ஒருவர் குற்றவாளியா, நிரபராதியா என்று சொல்லும் பொறுப்பைச் சட்டம் படிக்காத பன்னிரண்டு பேர் அடங்கிய ஜூரியிடம் விடலாமா? விட்டால், அவர்கள் ஏன் அப்படி முடிவு செய்தார்கள் என்று கேட்காமலே அந்த முடிவை ஏற்கலாமா? இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஜூரி காரணம் சொல்ல வேண்டியதில்லை. கொலை வழக்கிலும் ஒரு சொல்லோடு எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம். இத்தனை பெரிய அதிகாரம் அறத்துக்கு உகந்ததுதானா?

உகந்ததே என்போர் 1670ஆம் ஆண்டைக் காட்டுவார்கள். லண்டனில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் வழிபாட்டுக் கூடத்தை அரசு பூட்டியது. அதனால் அவர்களில் ஒருவரான வில்லியம் பென் கிரேஸ்சர்ச் தெருவில் நின்று பிரசங்கம் செய்தார். சட்டவிரோதமாகக் கூட்டம் கூடியதாக அவர்மீதும் வில்லியம் மீட்மீதும் வழக்கு. தெருவில் பேசினார், அவ்வளவுதான் என்றது ஜூரி. நீதிபதிகள் கொதித்தார்கள். வேண்டிய தீர்ப்பு வரும்வரை சோறு, தண்ணீர், கணப்பு எதுவும் கிடையாது என்று சொல்லி ஜூரிகளை அடைத்துவைத்தார்கள். இரண்டு இரவு கழிந்தும் அவர்கள் மசியவில்லை. இருவரும் குற்றமற்றவர்கள் என்றே சொன்னார்கள். அதற்காக ஆளுக்கு 40 மார்க் அபராதம். எட்வர்ட் புஷெல் என்ற ஜூரி கட்ட மறுத்துச் சிறை சென்றார்; அங்கிருந்தே ஆட்கொணர்வு மனு போட்டார். சொன்ன தீர்ப்புக்காக ஜூரியைத் தண்டிக்கக் கூடாது என்று தலைமை நீதிபதி ஜான் வான் விதித்தார். கொடிய சட்டத்துக்கு உடன்பட மாட்டேன் என்று சாதாரணக் குடிமகன் அரசின் முகத்துக்கு நேரே சொல்ல அன்று வழி பிறந்தது.

அதே வழியில்தான் கொலைகாரர்களும் தப்பினார்கள். 1955 ஆகஸ்டில் மிசிசிப்பி மாநிலத்தில் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவனை இரண்டு வெள்ளையர்கள் கடத்திக் கொன்று ஆற்றில் போட்டார்கள். வழக்கு சம்னர் ஊர் நீதிமன்றத்துக்கு வந்தது. சிறுவனுக்குத் தாத்தா முறையான மோஸ் ரைட் சாட்சிக் கூண்டில் எழுந்து நின்று, கடத்தியவர்களைக் கைநீட்டிக் காட்டினார். கறுப்பினத்தவர் ஒருவர் வெள்ளையரைக் குற்றம் சாட்டினால் உயிர் மிஞ்சாது என்றிருந்த ஊர் அது. எதிரே ஜூரிகளாக 12 வெள்ளை ஆண்கள். 67 நிமிடங்களில் விடுதலை. மறு ஆண்டு ஜனவரியில், கொன்றது நாங்கள்தான் என்று இருவரும் ஒரு பத்திரிகைக்குச் சொன்னார்கள். ஒரே குற்றத்துக்கு ஒருவரை இருமுறை விசாரிக்கக் கூடாது என்ற விதி அவர்களைக் காத்தது. அந்த மாவட்டத்தில் கறுப்பினத்தவரே பெரும்பான்மை. ஆனால் அவர்களில் ஒருவர் பெயர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாதவர் ஜூரியில் உட்கார முடியாது.

இரண்டு ஜூரிகளுக்கும் இருந்த அதிகாரம் ஒன்றுதான். குற்றம் சாட்டப்பட்டவரை அவருக்குச் சமமானவர்களே விசாரிக்க வேண்டும் என்பது ஜூரி முறையின் ஆணிவேர். மாண்டவருக்கும் சமமானவர்கள் அங்கே இருக்க வேண்டாமா என்று அது கேட்டதில்லை. பென் வழக்கில் அந்தக் கேள்விக்கு இடமில்லை. அங்கே எதிர்த்தரப்பு அரசு. சம்னரில் எதிர்த்தரப்பில் மகனை இழந்த ஒரு தாய் நின்றாள்.

இலங்கைத் தமிழருக்கு இது தொலைதூரச் சேதி அல்ல. அங்கே ஜூரியின் மொழியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை குற்றம் சாட்டப்பட்டவருக்கு உண்டு. யாழ்ப்பாண மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் 2006 நவம்பர் 10 அன்று கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். பத்து ஆண்டுகள் கழித்து, 2016 டிசம்பரில், சிங்களம் பேசும் ஜூரி குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் விடுவித்தது. சாட்சியம் போதவில்லை என்று அந்த ஜூரிகள் நேர்மையாகவே கருதியிருக்கலாம். அப்படியென்றாலும் காரணம் எழுதப்படாததால், மாண்டவரின் வீட்டார் அதைச் சரிபார்க்க வழியில்லை.

அப்படியானால் ஜூரியையே எடுத்துவிடலாம் என்பது அடுத்த வாதம். இந்தியா அதைத்தான் செய்தது. 1959இல் பம்பாயில் ஒரு கொலை வழக்கில் கடற்படை அதிகாரி நானாவதியை ஜூரி எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் விடுவித்தது; உயர் நீதிமன்றம் அதை மாற்றி ஆயுள் தண்டனை விதித்தது. 1973இன் குற்றவியல் நடைமுறைச் சட்டம் ஜூரிக்கு இடமே தரவில்லை. ஆனால் நீதிபதியும் ஒரு சமூகத்தில் பிறந்து வளர்ந்தவர்தான். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 தலித் மக்கள் குடிசைக்குள் எரிந்து மாண்டார்கள். கார் வைத்திருக்கும் அளவுக்கு வசதி படைத்த மிராசுதார்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பத் தக்கதல்ல என்று சொல்லித்தான் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அங்கே ஜூரி கிடையாது. ஆனால் அந்தக் காரணம் எழுத்தில் நிற்கிறது. அதனால்தான் இன்றும் அதை எடுத்துக்காட்டி, தவறு என்று வாதாட முடிகிறது.

பொதுமக்கள் கையில் நீதி இருப்பது நல்லது. 1670 அதற்குச் சாட்சி. ஆனால் இரண்டு நிபந்தனைகள் வேண்டும். கொல்லப்பட்டவரின் இனமோ மொழியோ சாதியோ ஜூரி இருக்கையிலிருந்து விலக்கப்படக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவர் விரும்பினாலும் கூடாது. அடுத்து, ஜூரி தன் முடிவுக்குச் சுருக்கமாகவாவது காரணம் எழுத வேண்டும். ஸ்பெயினில் 1995ஆம் ஆண்டுச் சட்டம் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. நடக்க முடியாத காரியம் அல்ல. இவ்விரண்டையும் மறுக்கும் நாட்டில் ஜூரி சொல்வது பெரும்பான்மையின் விருப்பம் மட்டுமே. அதற்கு நீதி என்று பெயர் வைக்க யாருக்கும் உரிமை இல்லை.