பாரம் இல்லாவிட்டால் எலும்பு கரையும்!

"என் உடம்புக்கு ஒத்துக்காது!"

எத்தனை தடவை சொல்லிவிட்டாய் இதை? குளிர் ஒத்துக்காது. வெயில் ஒத்துக்காது. புது ஊர் ஒத்துக்காது. புது வேலையும் ஒத்துக்காது.

உடம்பைக் கேட்டாயா? நீயாகவே தீர்ப்பு எழுதிவிட்டாயா?

பெங்களூரு மல்லேஸ்வரத்தில்தானே இருக்கிறாய்? 18வது கிராஸைத் தாண்டி நட. ஊரே டாடா இன்ஸ்டிடியூட் என்று சொல்லும் இந்திய அறிவியல் கழகம் வரும். விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா எம்.டெக். படித்த இடம் அது.

2025 ஜூன் 25. விண்வெளிக்குப் புறப்பட்டார். வயது 39. அதற்கு முன் பயணம் எத்தனை முறை தள்ளிப்போனது! சகுனம் சரியில்லை என்று பெட்டியைக் கட்டினாரா?

போர் விமானி. சோதனை விமானி. அப்பேர்ப்பட்டவருக்கே மேலே போனதும் உடம்பு சரியில்லை. தூக்கம் தூக்கமாக வந்தது. நடக்கவும் சாப்பிடவும் குழந்தையைப் போலக் கற்றுக்கொள்வதாக அங்கிருந்தபடியே சொன்னார். உலகமே கேட்டது.

வெட்கப்பட்டாரா? "எனக்கு வராது" என்றாரா?

எடை இல்லாத இடத்தில் காலில் இருக்கும் நீர் தலைப்பக்கம் ஏறும். முகம் உப்பும். மேல் எது, கீழ் எது என்று உட்காது குழம்பும். குமட்டும்.

பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாளில் மூளை புதுக்கணக்குப் போட்டுவிடும். குமட்டுகிறதா? பாடம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்!

நீ எதிலாவது அந்த மூன்று நாளைத் தாண்டியிருக்கிறாயா?

இனிமேல் சொல்வதை நன்றாகக் கேள். விண்வெளியில் எடை தாங்கும் எலும்புகள் மாதத்துக்குச் சுமார் 1 சதவீதம் கரைகின்றன. நோயா? இல்லை. சுமக்க ஒன்றுமில்லை! சும்மா கிடக்கும் எலும்பு எதற்கு என்று உடம்பே கழித்துக்கட்டுகிறது.

அதனால்தான் அங்கே மாதக்கணக்கில் தங்குகிறவர்கள் தினமும் இரண்டு மணி நேரம்போல் உடற்பயிற்சி செய்கிறார்கள். வாரால் தங்களைக் கீழே இழுத்துக் கட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். இல்லாத பாரத்தை வலியப் போய் ஏற்றிக்கொள்கிறார்கள்!

நீயோ, "பாரம் தாங்க முடியவில்லை" என்று புலம்புகிறாய்!

உன் உடம்பு எதற்கும் பழகும். மலைக்கும் பழகும். சோபாவுக்கும் பழகும். எதைக் கொடுக்கிறாய் நீ?

ஜூலை 15. சுக்லா பூமிக்குத் திரும்பினார். கையில் வாங்கிய கைப்பேசி கனத்தது. மிதக்கும் என்று நினைத்து லேப்டாப்பைக் கட்டிலுக்கு வெளியே தள்ளிவிட்டார். விழுந்தது! 20 நாளில் அந்த உடம்பு இன்னோர் உலகத்துக்கே பழகியிருந்தது. அப்புறம் இங்கேயும் மறுபடி பழகியது.

நீ எத்தனை வருஷமாக அதே நாற்காலியில்?

காலில் வலுவில்லையா? சி.டி.ஆர். ஓட்டல் வாசலில் பென்னே மசால் தோசைக்குக் காத்து நிற்கும்போது மட்டும் எங்கிருந்து வருகிறது அந்த வலு?

பயமா? இருக்கட்டும். ஒரே நாளில் உச்சிக்கு ஏறச் சொல்லவில்லை. சியாச்சினுக்குப் போகும் ராணுவ வீரனையே படிப்படியாக, ஒவ்வோர் உயரத்திலும் சில நாள் தங்கவைத்துத்தான் மேலே அனுப்புகிறார்கள். அவசரப்பட்டால் நுரையீரலில் நீர் கோத்து உயிருக்கே ஆபத்து. மெதுவாக ஏறு. ஆனால் ஏறு!

நாளைக் காலை சாங்கி ஏரிக்கரையில் ஒரு சுற்று. மூச்சு வாங்கும். வாங்கட்டும்! மறுநாளும் போ.

மூன்றாம் நாள் கால் கெஞ்சும். அன்றைக்குக் கட்டாயம் போ!