இல்லாமையை மறைத்தல் பொய்யாகுமா?

கே. பாலசந்தரின் ‘பாமா விஜயம்’ (1967) கையில் இல்லாததை இருப்பதாகக் காட்டப்போய் மாட்டிக்கொள்ளும் குடும்பமொன்றின் கதை. பக்கத்து வீட்டுக்கு நடிகை பாமா குடிவருகிறாள். அவளுக்கு வசதிக்காரராகத் தெரியவேண்டுமென்று மூன்று மருமக்களும் கணவன்மாரைக் கடனில் இறக்குகிறார்கள். மாமனாராக வரும் டி. எஸ். பாலையாவுக்கு வரவு செலவுக் கணக்குத்தான் வேதம். படம் அந்த வீட்டைப் பார்த்துச் சிரிக்க வைக்கிறது. ஆனால் இல்லாமையை மறைப்பது எல்லாமே பொய்தானா என்ற கேள்வி படத்தைவிடப் பழையது.

கொட்டாஞ்சேனையில் தாலிக்கொடியை அடைவு வைத்த ஒரு பெண்ணை எண்ணிப் பார்க்கலாம். வெள்ளவத்தையில் ஒரு கல்யாணம். கவரிங் கொடியைச் சேலைத் தலைப்புக்குள் பாதி மறைய விட்டுக்கொண்டு போகிறாள். அடைவுத் துண்டு அலுமாரியில், கூறைச் சேலை மடிப்புக்குள் இருக்கிறது. இதனால் எவருக்கும் ஒரு சதம் நட்டமில்லை.

திருக்குறளில் இரவு, இரவச்சம் என்ற இரண்டு அதிகாரங்களிலும் (106, 107) ‘கரப்பு’ என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. அங்கே கரப்பவன் உள்ளவன். கேட்டு வந்தவனிடம் இருப்பதை ஒளிப்பவன். வள்ளுவரின் பழி அவனுக்கே. இல்லாதவன் வாய்திறவாதிருப்பது வேறு. 223ஆம் குறளுக்குப் பரிமேலழகர் கொள்ளும் பொருள், ‘யான் வறியன்’ என்று பிறரிடம் சென்று சொல்லாமை குடிப்பிறந்தார் இயல்பு என்பது. அந்தக் குறளுக்கு வேறு உரைகளும் உண்டு.

குர்ஆனின் பகரா அத்தியாயம் (2:273) இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. வற்புறுத்திக் கேட்காத வறியவரை, அவர்களின் தன்மானத்தால், அறியாதவர் செல்வரென்றே எண்ணுவர் என்கிறது. தர்மம் அத்தகையோருக்கு உரியது. அவர்களை அடையாளம் கண்டுகொள்ளும் பொறுப்பு இதனால் கொடுப்பவன் தலையில் விழுகிறது. மத்தேயு 6ஆம் அதிகாரமோ கொடுப்பவனையே தன் கொடையை மறைக்கச் சொல்கிறது.

பாமா வீட்டு அயலாருக்கு இந்த இடங்கள் எதுவும் துணைவராது. அவர்களுக்குப் பொருந்துவது 479ஆம் குறள்: அளவறியாது வாழ்பவன் வாழ்க்கை இருப்பதுபோலத் தோன்றி இல்லாமற் போகும். கவரிங் கொடி இருக்கும் இல்லாமையை மூடுகிறது. கடனுக்கு வாங்கிய சாமான் புதிய இல்லாமையை உண்டாக்குகிறது.

சீட்டில் சிக்கல் இன்னும் கூடும். பத்துப் பேர் சேர்ந்த சீட்டில், மாதக் காசு கட்ட வழியில்லை என்று தெரிந்தும் அதை மறைத்து முதற் சீட்டை எடுப்பவர் மற்ற ஒன்பது பேரின் பணத்தை எடுக்கிறார். பொய்யும் வாய்மையாகலாம் என்று இடங்கொடுக்கும் 292ஆம் குறள், அதனால் குற்றமற்ற நன்மை விளையவேண்டும் என்கிறது. இங்கே அது விளையாது. அலுமாரியிலுள்ள அடைவுத் துண்டும் ஒரு கட்டத்தில் அப்படித்தான். ஊருக்குத் தெரியாமல் இருக்கும்வரை அது மானம் சார்ந்தது. வட்டித் தவணை தப்பிக் கொடி ஏலத்துக்குப் போகும் நிலையிலும் கணவனுக்கு அது தெரியாதென்றால், கணக்கு வேறு.