அரிசியில் எழுதிய அகரம்

எழுத்து புனிதமானது என்றால் அதை விளையாட்டாகக் கற்கலாமா? விஜயதசமியன்று குழந்தையின் விரலைப் பிடித்துத் தட்டில் பரப்பிய அரிசியில் ‘அ’ எழுதவைக்கும் சடங்கிலேயே இதற்கு விடை இருக்கிறது என்பேன். அங்கே எழுத்து முதலில் போய்ச் சேர்வது கண்ணுக்கு அன்று, விரலுக்கு. அதுவும் அன்றாடம் சோறாகும் பொருளின் வழியே. திண்ணைப் பள்ளிகளில் மணலில் எழுதிப் பழகியதும் இதே வழிதான். சொரசொரப்பான எழுத்துகளைத் தடவவைத்த மரியா மாண்டிசோரி 1939இல் அடையாறுக்கு வந்தபோது, விரல்வழிக் கல்வி இந்த மண்ணுக்குப் புதிதாக இருந்திருக்காது. வாசல் கோலமும் அப்படியே: புள்ளிகளை எண்ணி, சுழித்து, தொடங்கிய இடத்திலேயே கோட்டைக் கொண்டுவந்து சேர்க்கும் கைக்கு ‘ஐ’யின் சுழிகள் மிரட்டலாகத் தெரியாது.

தோசைக்கல்லில் ‘ழ’ ஊற்றித் தின்பது சரஸ்வதியை அவமதிப்பதல்லவா என்று கேட்போர் உண்டு. அவர்கள் கோலத்தை மறந்துவிடுகிறார்கள். பச்சரிசி மாவில் போட்டதை எறும்பு தின்னும், வருவோர் மிதிப்பர். மறுநாள் மீண்டும் போடுகிறோம். அழிவதால் அதன் புனிதம் குறைவதில்லை. இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: அந்த அரிசித் தட்டு எல்லாக் குழந்தைகளுக்கும் நீட்டப்படவில்லை. சாதி பலரைத் திண்ணைக்குக் கீழேயே நிறுத்தியது. பெண்கள் பலருக்குக் கோலம் கிடைத்தது, ஏடு கிடைக்கவில்லை. உண்மைதான். ஆனால் குற்றம் எழுத்தைப் பூட்டிவைத்த புனிதத்தினுடையது, அரிசியினுடையது அன்று. அம்மா கீரை ஆயும்போது முருங்கைக் காம்பை ஒடித்து ‘ட’ வைத்துப் பார்க்கும் பிள்ளை, முகூர்த்தம் எதற்கும் காத்திருப்பதில்லை.