ஆர்ட்ஸ்தானே என்று தலை குனியாதே!

"என்ன படிக்கிறாய்?"

"ஆர்ட்ஸ்..."

ஏன் அந்தக் குரல் இறங்குகிறது? யாருடைய வீட்டில் களவெடுத்தாய்?

மருத்துவம் கிடைத்தவனுக்குச் சந்தியில் பதாகை கட்டுகிறார்கள். அரசறிவியல் படிக்கப் போகிறேன் என்று நீ சொன்னால், "படிச்சு என்ன, எம்.பி. ஆகப் போறியோ?" என்று சிரிக்கிறார்கள். நீயும் சேர்ந்து சிரிக்கிறாய்!

அந்தச் சிரிப்பை இன்றோடு நிறுத்து!

கணிதம் ஓடாதவன்தான் அரசியல் படிப்பான் என்று உனக்கு யார் சொன்னது? 1947இல் வவுனியா யாரைத் தன் எம்.பி. ஆக்கியது தெரியுமா? ஒரு கணிதப் பேராசிரியரை!

செல்லப்பா சுந்தரலிங்கம். ஒக்ஸ்போர்ட்டில் படித்தவர். கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். வர்த்தக அமைச்சரானார். மலையகத் தமிழரின் குடியுரிமைப் பிரச்சினையில், 1948இல் அந்தப் பதவியை உதறிவிட்டு வெளியே வந்தார்.

அவர் செய்த எல்லாவற்றையும் நான் கொண்டாடவில்லை. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில், ஒடுக்கப்பட்ட மக்களை உள்ளே விடாதே என்று நின்றவரும் இதே மனிதர்தான். ஒரே ஆளுக்குள் இந்த இரண்டும் எப்படி இருந்தன? இந்தக் கேள்வி உன்னைக் குடைகிறதா? அப்படியென்றால் நீ படிக்க வேண்டிய பாடம் இதுதான்.

1948இல் குடியுரிமை இழந்தவர்கள் வேறு யாரோ என்று நினைக்காதே. 1958 கலவரத்துக்குப் பிறகும் 1977 கலவரத்துக்குப் பிறகும் மலையகத்திலிருந்து கிளிநொச்சிக்கு வந்து காடு வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் உன் வகுப்பிலேயே இருக்கிறார்கள். அது நீயாகவும் இருக்கலாம்!

உன் அப்பப்பாவை நாடற்றவர் ஆக்கியது ஒரு சட்டம். அதை எழுதியவன் படித்தவன். எதிர்த்து வாதாடவும் படித்தவன்தான் வேண்டும்.

இன்னும் கேள்!

நீ கிளிநொச்சியில் இருக்கிறாய் என்று வை. 1984இலிருந்து அது தனி மாவட்டம். ஆனால் பொதுத்தேர்தலில் உன் வீட்டார் எந்தத் தேர்தல் மாவட்டத்துக்கு வாக்களிக்கிறார்கள்? யாழ்ப்பாணம்! வவுனியா, முல்லைத்தீவு, மன்னார் மூன்றும் சேர்ந்துதான் வன்னித் தேர்தல் மாவட்டம். உனக்கு இது முன்பே தெரியுமா? தெரிந்திருந்தால், ஏன் இப்படி என்று ஒரு நாளாவது கேட்டாயா?

2013 செப்டெம்பர் 21இல் வடக்கு மாகாண சபைக்கு வாக்களித்தோம். 2018 ஒக்டோபரில் அதன் காலம் முடிந்தது. அதன் பிறகு வருடக்கணக்காக ஆளுநரின் ஆட்சி. எந்தச் சட்டச் சிக்கல் தேர்தலை நிறுத்தியது?

2024 நவம்பர் தேர்தலில் தெற்கில் வேர்கொண்ட தேசிய மக்கள் சக்தி யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் முதலிடத்துக்கு வந்தது. எப்படி?

தேநீர்க் கடையில் இதற்கு ஆளுக்கொரு பதில் இருக்கிறது. உன்னிடம் ஆதாரத்தோடு ஒரு பதில் இருக்கிறதா?

இனி முல்லைத்தீவின் கேப்பாபுலவுக்கு வா. 2017 ஜனவரி 31. அங்குள்ள பிலக்குடியிருப்பு மக்கள், தங்கள் காணியில் இருந்த விமானப்படை முகாமுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். கைக்குழந்தையோடு தாய்மார். பகலில் வெயில், இரவில் பனி. "எங்கட காணியைத் தா" என்ற ஒரே பேச்சு.

மார்ச் 1ஆம் திகதி அந்தக் காணிக்குள் கால் வைத்தார்கள்!

பயம் அவர்களுக்கு இல்லாமலா இருந்தது? எதிரே துவக்கோடு ஆட்கள். ஆனாலும் எழும்பிப் போகவில்லை. உனக்கோ ஒரு பரீட்சை மண்டபத்துக்குள் நுழையக் கை நடுங்குகிறது!

அந்தத் தாய்மாருக்கு அன்று என்னென்ன தேவைப்பட்டது என்று யோசி. காணிச் சட்டம் தெரிந்த ஆள். வர்த்தமானியை வாசித்து விளங்கப்படுத்த ஆள். அமைச்சுக்கு மூன்று மொழியிலும் கடிதம் எழுத ஆள். இந்த ஆட்களை எத்தனை காலத்துக்கு வெளியூரிலிருந்து கூப்பிடுவது? ஏன் அது நீயாக இருக்கக் கூடாது?

"வேலை கிடைக்காதே" என்கிறாய். சரி, அந்தச் சாட்டையும் எடுத்துப் பார்ப்போம்.

பொய்யில்லை. அதே 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் யாழ்ப்பாணம் கச்சேரிக்கு முன்னால் மாதக்கணக்கில் இருந்தார்கள். பட்டத்தைச் சுவரில் மாட்டிவிட்டு அரசாங்கம் கூப்பிடும் என்று காத்திருந்தால் உனக்கும் அந்தத் தெருவோரம்தான்.

காத்திருக்காதே! பரீட்சை எழுது!

இலங்கை நிர்வாக சேவையின் திறந்த போட்டிப் பரீட்சை எந்தப் பட்டதாரிக்கும் திறந்திருக்கிறது. தமிழிலேயே எழுதலாம். வயது 22 முதல் 28 வரை. இந்த வயதைச் சுவரில் எழுதி வை! கம்பஸ் முடித்து வெளியே வரும்போது உன் கையில் மிஞ்சுவது சில வருடங்கள்தான். அதில் எத்தனையைத் தொலைபேசியில் தேய்க்கப் போகிறாய்?

சித்தியடைந்தால்? உதவிப் பிரதேச செயலாளர். பிறகு பிரதேச செயலாளர். ஒரு நாள் அரசாங்க அதிபர். காணி, வீட்டுத்திட்டம், வெள்ள நிவாரணம், எல்லாக் கோப்பும் அந்த மேசையைத் தாண்டித்தான் போகிறது. அந்த மேசைக்கு இந்தப் பக்கம் உன் அம்மா வரிசையில் நின்றாள். அந்தப் பக்கம் நீ உட்கார மாட்டாயா?

வெளிநாட்டுச் சேவை இருக்கிறது. திட்டமிடல் சேவை இருக்கிறது. உயர்தர வகுப்புக்கு ஆசிரியர், சட்டம், ஊடகம், மனித உரிமை நிறுவனம், ஆய்வு என்று வழிகள் விரிகின்றன. பேராதனையில் அரசியல் விஞ்ஞானம் கற்பித்து, பிறகு கனடாவுக்குப் போன ஏ. ஜே. வில்சனின் நூல்களைத் தொடாமல் இலங்கை அரசியலைப் பற்றி இன்றும் யாரும் ஆழமாக எழுதுவதில்லை. அவரும் ஒரு தமிழ்ப் பிள்ளைதான்!

"எனக்குச் சிங்களம் தெரியாது, இங்கிலிஷ் வராது."

வராததைத்தானே படிப்பது! நாலு வருடம் கம்பஸில் இருந்து, நாளுக்கு அரை மணித்தியாலம் ஒரு மொழிக்கு ஒதுக்க முடியாதா? ரியூசனுக்கு ஏ9 வீதியில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனவன் நீ. உனக்கு இது பெரிய வேலையா?

"ஊரில் அந்தப் பாடம் இல்லையே."

உண்மைதான். 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியா, விஞ்ஞானம், வியாபாரம், தொழில்நுட்பம் ஆகிய பீடங்களோடுதான் எழுந்தது. கிளிநொச்சி அறிவியல் நகருக்குக் கிடைத்தவை விவசாயமும் பொறியியலும் தொழில்நுட்பமும். அரசறிவியலுக்கு யாழ்ப்பாணம் திருநெல்வேலிக்குப் போ. வந்தாறுமூலைக்குப் போ. பேராதனைக்குப் போ, கொழும்புக்குப் போ! போரில் செட்டிகுளம் முகாம்வரை இடம்பெயர்ந்து திரும்பிய குடும்பத்துப் பிள்ளைக்கு இந்தத் தூரம் ஒரு தூரமா?

"முதல் தரம் வெட்டுப்புள்ளி தவறிவிட்டது."

இரண்டாந்தரம் எழுது! அதுவும் தவறினால் மூன்றாந்தரம்! அதற்கும் மேலே திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. தோற்றவன் என்று உன்னை ஊர் சொல்லட்டும். நீ சொல்லாதே.

பட்டம் கிடைத்த பிறகு தொடங்கலாம் என்றும் இராதே. இந்தக் கிழமையே தொடங்கு!

உன் ஒழுங்கைக்குக் கிரவல் போட எவ்வளவு பணம் ஒதுக்கினார்கள்? யாருக்கு ஒப்பந்தம்? கேட்பதற்குச் சட்டம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது.

ஒரு தாள் எடு. கேள்வியைத் தெளிவாக எழுது. ஏன் கேட்கிறாய் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கரைச்சியோ, புதுக்குடியிருப்போ, உன் பிரதேச சபைக்குப் போ. தகவல் அலுவலரிடம் கொடு. 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு. அதிலும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

கால் பின்வாங்கும். வாசலில் நிற்பவர், "என்ன தம்பி, என்ன பிள்ளை, ஏன் இதெல்லாம்?" என்பார். நில்! விண்ணப்பம் கிடைத்ததற்கு எழுத்தில் அத்தாட்சி கேள். அதைத் தராமல் உன்னைத் திருப்பி அனுப்ப அந்த அலுவலகத்தில் எவருக்கும் அதிகாரம் இல்லை!